அதே சீட்டு உனக்கும் விழுந்தால்

தனியாக உட்கார்ந்து ஆடுகிற ஆட்டத்தில் எதிராளி எங்கிருந்து வருவாள் என்று மாமியார் சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். "இவ கீழ உக்காந்து ஆடுறா. அவ மேல உக்காந்து ஆடுறா. ஒருத்தி சீட்டை ஒருத்தி பாக்குறதுகூட இல்ல. அப்புறம் எங்கேருந்துடி வந்துச்சு உங்களுக்கு ஜெயிக்கிறதும் தோக்குறதும்?" நியாயமான கேள்விதான். பதில் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இரண்டே பேர். அவர்களுக்கோ மாமியாரை உட்கார வைத்து விளக்கிச் சொல்லும் பொறுமை கிடையாது.

அந்த இரண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். வீட்டில் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது. பெரியவள் குடும்பம் மாடியில், சின்னவள் குடும்பம் கீழே. நடுவில் ஓர் இரும்புப் படி. யார் ஏறினாலும் இறங்கினாலும் அடுத்த வீடுவரை சத்தம் கேட்கும்.

நான் சொல்ல வந்தது சின்னவளைப் பற்றி. லாண்டரியில் கறை எடுக்கிற வேலை அவளுக்கு. விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளை மெஷினில் போடுவதற்கு முன்னால் விரித்துப் பார்த்து, மை எது, துரு எது, ரத்தம் எது என்று பிரித்து, அதற்கான மருந்தைத் தடவி உரச வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். பெரியவளோ மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்த இடத்து வேலை. எந்த டாக்டரைக் கேட்டாலும் ஏட்டைப் பார்க்காமல் இணைப்புக் கொடுப்பாள்.

மாமியாருக்கு இது போதாதா? "பெரியவ வச்சா வச்ச இடத்துல இருக்கும்" என்பார். "பெரியவ பேசினா எதிர்ல இருக்கவன் வாயை மூடிட்டுக் கேப்பான்" என்பார். பெரியவளுக்குக் கல்யாணமான மறுவருடமே மகன் பிறந்தான். சின்னவளுக்குப் பிள்ளை இல்லை. அதை மாமியார் நேராகச் சொல்ல மாட்டார். சுவரைப் பார்த்து, சுவருக்கே சொல்கிற மாதிரி சொல்வார். சின்னவளுக்கு வயிறு எரியும். எரிச்சல் எல்லாம் பெரியவள் மேல் திரும்பும். குழாயடியில் சண்டை, துணி காயப்போடும் கயிற்றுக்குச் சண்டை, படியைப் பெருக்குவது யார் என்று சண்டை. எலியும் பூனையுமாகத்தான் இருந்தார்கள்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். எவ்வளவு வாய்ச்சண்டை வந்தாலும் பெரியவள் அந்தப் பிள்ளை விஷயத்தை எடுத்ததே இல்லை. ஒருமுறை மாமியார் எடுத்தபோது, "அத்தை, அந்தப் பேச்சு இந்த வீட்டுல வேண்டாம்" என்று வெட்டியவளும் அவள்தான். சின்னவள் இதை மறக்கவில்லை. அதற்காக மறுநாள் குழாயடியில் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

சீட்டு வந்தது ஒரு விடுமுறை நாள் மதியம். தனியாள் சீட்டாட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏழு வரிசையாகப் பரப்பி, வரிசைக்கு ஒரு சீட்டை மட்டும் திறந்து வைத்து, சிவப்பின் மேல் கறுப்பு, கறுப்பின் மேல் சிவப்பு என்று பெரிதிலிருந்து சிறிதாகக் கோத்துக்கொண்டு போக வேண்டும். ஏஸ் கிடைத்தால் தனியே மேலே எடுத்து வைத்து, அதே ஜாதியில் இரண்டு, மூன்று என்று ராஜாவரை ஏற்ற வேண்டும். ஆர்ட்டின், டைமண்ட், கிளாவர், ஸ்பேட் என்று நான்கு ஜாதியும் ஏறிவிட்டால் ஜெயம். நடுவில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டால் அவ்வளவுதான். பெரியவள் இதை மருத்துவமனையில் மணி அடிக்காத நேரங்களில் ஆடிப் பழகியிருந்தாள்.

அன்று படியிறங்கி வந்தவள், யாரும் கேட்காமலே, "இன்னைக்கு அத்தனையும் ஏறிடுச்சு" என்றாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த சின்னவள் தலையைத் தூக்கவில்லை. "நல்ல சீட்டா விழுந்திருக்கும்."

"என்ன சொன்னே?"

"நல்ல சீட்டு விழுந்தா யாருக்கும் ஏறும்க்கா. இதுல என்ன இருக்கு."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. அவள் செய்ததை ஒன்றுமில்லை என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. "அதே சீட்டு உனக்கும் விழுந்தா?" என்றாள்.

"விழுந்தா நானும்தான் ஏத்துவேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் சின்னவள். அவளுக்கு அந்த ஆட்டமே அரைகுறையாகத்தான் தெரியும்.

அதே சீட்டை எப்படி விழவைப்பது? அதற்குக் கிடைத்தவர் சின்னவளின் கணவர். தெருமுனையில் பூட்டு ரிப்பேர் செய்யும் கடை அவருடையது. வாயில்லாத மனிதர். சீட்டாட்டத்துக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது; அதனால்தான் இருவரும் அவரை நம்பினார்கள். முதுகு சிவப்பாக ஒரு கட்டு, நீலமாக ஒரு கட்டு. சிவப்பை நன்றாகக் கலைத்துப் போட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, நீலத்தையும் அச்சு மாறாமல் அதே வரிசையில் அடுக்கித் தருவார். சாவிக்குப் பல் வெட்டுகிற அதே கவனத்தோடு உதட்டைக் கடித்துக்கொண்டு அடுக்குவார். சிவப்பு மாடிக்குப் போகும். நீலம் கீழேயே இருக்கும்.

சட்டம் போட்டது பெரியவள். ஒருத்தி ஆடுவதை மற்றவள் பார்க்கக் கூடாது. வைத்த சீட்டைத் திருப்பி எடுக்கக் கூடாது. முடிந்ததும் எத்தனை ஏறியது என்று படியடியில் நின்று சொல்ல வேண்டும். சொன்னால் நம்ப வேண்டும், போய்ப் பார்க்கக் கூடாது. "பாக்காம எப்படிக்கா நம்புறது?" என்று சின்னவள் கேட்டாள். "நம்பலன்னா ஆடாத" என்றாள் பெரியவள்.

முதல் ஆட்டத்தில் சின்னவள் மண்ணைக் கவ்வினாள். அடுத்ததிலும், அதற்கடுத்ததிலும். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. லாண்டரியில் சாப்பாட்டு நேரத்தில் கறை மேசையைத் துடைத்துவிட்டுச் சீட்டைப் பரப்பிப் பழகினாள். எந்த வரிசையை முதலில் உடைப்பது, எதை அவசரப்பட்டு ஏற்றக் கூடாது என்றெல்லாம் தட்டுத் தடுமாறித் தானாகவே பிடித்துக்கொண்டாள். ஒருநாள் படியடியில் நின்று, "நாற்பத்தாறு" என்றாள். மேலே பெரியவளுக்கு முப்பதைத் தாண்டவில்லை.

மேலே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, "நிஜமாவா?" என்று குரல் வந்தது.

"நிஜமா."

"சரி" என்றாள் பெரியவள்.

அந்த 'சரி' இருக்கிறதே, அந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து சின்னவளுக்கு அதைப்போல ஒன்று கிடைத்ததில்லை. அன்று முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. மாமியாரும் அவர்களுக்குள் போட்டி வைத்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் அங்கே இரண்டு பேருக்கும் விழுந்தது வேறு வேறு சீட்டு. உத்தியோகம், பிள்ளை, நிறம், பேச்சு என்று நல்லதெல்லாம் ஒரு பக்கமே விழுந்திருந்தது. இந்த ஓர் ஆட்டத்தில்தான் ராசியைக் குறை சொல்ல வழியில்லை. ஏறினால் என் புத்தி, ஏறாவிட்டால் என் மடத்தனம். யாரும் பார்க்காத இடத்தில், ஏமாற்ற முடிந்த இடத்தில், ஏமாற்றாமல் ஒருத்தி என்னைத் தோற்கடிக்கத் துடித்துக்கொண்டிருக்கிறாள். இதைவிடப் பெரிய மரியாதை என்ன வேண்டும்?

சண்டைகள் நிற்கவில்லை, சூடு குறைந்தது. மாமியார் போனார். சில வருடங்கள் கழித்துப் பெரியவளின் கணவர், ஒரு சாதாரணக் காய்ச்சலென்று படுத்தவர், எழுந்திருக்கவில்லை. ஆறுதல் சொல்லச் சின்னவளுக்கு வாய் வராது. சாப்பாட்டை மட்டும் மூன்று வேளையும் மேலே கொண்டுபோய் வைத்தாள். கொஞ்ச நாள் போனதும் தட்டுக்குப் பக்கத்தில் சிவப்புக் கட்டையும் அடுக்கி வைத்தாள். அன்று சாயங்காலம் பெரியவள் படியில் வந்து நின்றாள். அவளுக்கு ஏறியது சொற்பம். சின்னவள் தனக்கு முழுதும் ஏறிவிட்டதென்று உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"பாவம்னு பாத்து விட்டுக்கொடுத்துடுவியோன்னு பயந்தேன்" என்றாள் பெரியவள்.

"உனக்கா? நல்லா விட்டுக்கொடுப்பேனே."

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் படியில் உட்கார்ந்து இருவருமே அழுதார்கள்.

மகன் படித்து வேலைக்கு வேறு ஊர் போனான். பெரியவள் ஓய்வு பெற்றாள். வாரத்தில் பாதி நாள் சீட்டு என்பது போய், சின்னவள் வேலையிலிருந்து வந்ததும் தினமும் ஓர் ஆட்டம் என்றானது. யார் கணக்கில் எத்தனை ஜெயம் என்று இருவரும் வைத்துக்கொள்ளவில்லை. இன்றைய ஆட்டம் இன்றோடு சரி.

கோளாறு முதலில் தெரிந்தது சின்னவளுக்குத்தான். டாக்டருக்கோ மகனுக்கோ தெரிவதற்கு வெகு முன்பே தெரிந்தது. பெரியவள் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. பதினைந்து என்பாள், பதினொன்று என்பாள். அதே சீட்டில் சின்னவளுக்கு நாற்பதுக்கு மேல் ஏறியிருக்கும். கண் பார்வையோ என்று நினைத்துக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றியும் அதே கதைதான். சீட்டு ஒன்றாக இருக்கும்போது குறை சீட்டில் இல்லை, ஆளிடம் என்று தெரிந்துவிடுகிறது. அதுதான் அந்த ஆட்டத்தின் கொடுமை.

ஒருநாள் பெரியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதிப் படி இறங்கி நின்றாள். "எனக்குப் பதினாலு. உனக்கு?"

சின்னவள் அண்ணாந்து பார்த்தாள். எத்தனையோ வருடமாகப் பார்த்த முகம். அதில் தோற்றுவிடுவோமோ என்ற கோபத்தைப் பார்த்திருக்கிறாள், பொருமலைப் பார்த்திருக்கிறாள். பயத்தைப் பார்த்ததில்லை. நிஜத்தில் அவளுக்கு அத்தனையும் ஏறியிருந்தது.

"பன்னெண்டுதான்க்கா" என்றாள்.

பெரியவள் முகத்தில் உயிர் வந்தது. "சீட்டே இன்னைக்குச் சரியில்லடி" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக ஏறிப் போனாள்.

ஒரு தடவை சொன்னால் நிற்குமா? மறுநாளும் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாளும். ஆனால் ஒரு வேடிக்கை. சீட்டைக் கெடுத்து ஆட மட்டும் சின்னவளுக்குக் கை வரவில்லை. முயன்றுதான் பார்த்தாள். தப்பான இடத்தில் சீட்டை வைக்கப் போனால் விரல் நகர மாட்டேன் என்றது. ஆகவே ஆட்டத்தை ஒழுங்காக ஆடி முடித்துவிட்டு, எண்ணிக்கையில் மட்டும் பொய் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் அடுப்பை எரியவிட்டுப் பெரியவள் மறந்து போனது. ஜன்னல் திரை பற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து தண்ணீர் ஊற்றினார். மகன் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தான். "என்கூட வந்துடும்மா. இனிமே இங்க தனியா வேண்டாம்" என்றான்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. அடுப்பை யாருதான் மறக்கல?" என்றாள் பெரியவள். "என் மூளை சரியா இருக்கா இல்லையான்னு உனக்குச் சந்தேகமா இருந்தா, போய் உன் சித்திகிட்டக் கேளு. இன்னைக்கும் அவளைத் தோக்கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். என்னைக்கு அவகிட்ட நான் தோத்துக்கிட்டே இருக்கேனோ, அன்னைக்குச் சொல்லு, நானே பெட்டி கட்டிட்டு வரேன்."

மகன் கீழே வந்தான். அவனுக்கும் சின்ன வயதிலிருந்தே இந்த ஆட்டம் தெரியும். "நிஜமா சித்தி? அம்மா ஜெயிக்கிறாங்களா?"

அது உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம். சின்னவளுக்கும் அது தெரியும். "ஆமாப்பா. அக்காதான் ஜெயிக்கிறாங்க" என்றாள்.

தங்கமான மனசு என்று அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அதில் பாதிதான் இரக்கம். மீதிப் பாதி பயம். மாடி காலியாகிவிட்டால் இந்த உலகத்தில் தன்னை ஜெயிக்க வேண்டும் என்று நினைக்க ஆள் கிடையாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கணவர் நல்லவர், லாண்டரியில் கூட வேலை செய்பவர்கள் நல்லவர்கள். அவர்களில் யாருக்கும் அவள் சமம் இல்லை, எதிரியும் இல்லை. அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள்.

மகன் அரைமனதோடு திரும்பிப் போனான். பூட்டுக்காரர் மாடி அடுப்புக்கு ஒரு பூட்டுப் போட்டுவிட்டு, "ரிப்பேர் அண்ணி, ஆள் வரணும்" என்று சொல்லிவைத்தார். ஒருநாள் பெரியவள் கடைக்குப் போகிறேன் என்று போய், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் பஸ் ஸ்டாப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பார்த்தவர் யாரோ கூட்டிவந்து விட்டார். அன்று சாயங்காலமும் சீட்டு அடுக்கப்பட்டது. அன்றும் பெரியவள்தான் 'ஜெயித்தாள்'.

"உண்மையைச் சொல்லிடு" என்றார் கணவர்.

"எதை?"

"நீ படியடியில நின்னு நம்பர் சொல்லும்போது அண்ணி உன் குரலைத்தான் கேக்குறாங்க. நான் மூஞ்சியைப் பாக்குறேன்."

பேசாத மனிதர் பேசினால் இதுதான் சங்கடம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று பெரியவளுக்குத் தலை தெளிவாக இருந்தது. சில நாட்கள் அப்படி அமையும். சின்னவள் ஆடி முடித்து, படியடியில் நின்று, "பாதியில மாட்டிக்கிச்சுக்கா, இருபதுதான்" என்று குரல் கொடுத்துவிட்டு, குழாயடிக்குப் போனாள். மேலே பெரியவளுக்கு இருபத்தைந்து ஏறியிருந்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் அவ்வளவு. கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளலாம் என்று படியிறங்கி உள்ளே வந்தாள்.

சின்னவள் கை ஈரத்தோடு திரும்பியபோது பெரியவள் மேசைக்கு முன்னால் நின்றிருந்தாள். நீலச் சீட்டு நான்கு குவியலாக, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ராஜாவோடு, ஒழுங்காக இருந்தது. வரிசையில் ஒரு சீட்டு பாக்கியில்லை. கலைத்துப் போட வேண்டுமென்று சின்னவளுக்குத் தோன்றவே இல்லை. நன்றாக ஆடிய ஆட்டத்தை உடனே கலைக்க எந்த ஆட்டக்காரிக்கும் மனசு வராது.

"மாட்டிக்கிச்சுன்னு சொன்னியே" என்றாள் பெரியவள்.

சின்னவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"எப்போலேருந்து?"

"திரை எரிஞ்சதுக்கு முன்னாடியிலேருந்து."

பெரியவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் சின்னவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எல்லாரும் என்கிட்ட பொய்தான் சொல்றாங்க. டாக்டர் வயசானா அப்படித்தாங்கறான். பையன் சும்மா பத்து நாள் வந்து இருங்கறான். தம்பி அடுப்பைப் பூட்டிட்டு ரிப்பேருங்கறான். எனக்குப் புரியாதுன்னு நெனைக்கிறீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் பொய் இல்லன்னு நெனைச்சு அதைப் புடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"நீ போயிடுவியோன்னு பயமா இருந்துச்சுக்கா."

"அதுக்கு என்னைத் தனியா ஆட விட்டுட்டியேடி" என்றாள் பெரியவள்.

அவ்வளவுதான். எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு சீட்டு இல்லை. சின்னவள் சாப்பாடு கொண்டுபோனால் வாங்கிக்கொள்வாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், வேறு பேச்சில்லை. சின்னவள் லாண்டரியில் ஒரு விரிப்பின் ரத்தக் கறைக்கு வெந்நீரை ஊற்றி, கறையை அப்படியே துணியில் வேகவைத்துவிட்டாள். புதிதாக வேலைக்கு வந்தவள் செய்கிற தப்பு. மேற்பார்வைக்காரி ஒன்றும் சொல்லாமல் அந்த விரிப்பை எடுத்துக்கொண்டு போனாள். சின்னவள் கழிவறையில் நின்று அழுதாள். தான் செய்தது என்னவென்று அவளுக்கு மெல்ல மெல்ல உறைத்தது. பெரியவளின் கையிலிருந்து சமையலைப் பிடுங்கியாகிவிட்டது, கடைத்தெருவைப் பிடுங்கியாகிவிட்டது. எதிராளியையும் பிடுங்கியது இவள்.

ஒரு காலை, நல்ல வெளிச்சத்தில், பெரியவள் சிவப்புக் கட்டோடு இறங்கி வந்தாள். "தம்பி, அடுக்கிக் கொடுங்க" என்றாள். பிறகு சின்னவளைப் பார்த்து, "ஒரே ஒரு ஆட்டம். நான் ஜெயிச்சா இங்கதான் இருப்பேன். நீ ஜெயிச்சா பையனுக்குப் போன் போட்டுடு. இந்தத் தடவை பொய் சொன்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றாள்.

பூட்டுக்காரர் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்து அடுக்கினார். அடுக்கிக் கொடுத்துவிட்டு, அங்கே இருக்கப் பிடிக்காமல் கடைக்குப் போய்விட்டார்.

சின்னவள் பரப்பினாள். நல்ல சீட்டு. பார்த்ததுமே தெரிந்தது, இது ஏறக்கூடிய சீட்டு. முதலில் ஓர் ஆசை வந்தது. இவ்வளவு நல்ல சீட்டென்றால் மேலேயும் ஏறாதா? அதே சீட்டுத்தானே அங்கேயும். அக்கா அந்தக் காலத்தில் இந்தமாதிரிச் சீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றியிருப்பாள். இருவருக்கும் முழுதாக ஏறிவிட்டால் சமம், யாரும் எங்கேயும் போக வேண்டாம். அப்படி நினைத்துக்கொண்டே வேகவேகமாக ஆடினாள்.

நடுவில் ஓர் இடம் வந்தது. கையில் கறுப்புச் சீட்டு, கிளாவர் ஒன்பது. வைப்பதற்குச் சிவப்பில் இரண்டு இடம். ஒரு பக்கம் ஆர்ட்டின் பத்து, இன்னொரு பக்கம் டைமண்ட் பத்து. தனியே எடுத்து வைத்த குவியலில் ஆர்ட்டின் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது, பத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. ஒன்பதை ஆர்ட்டின் பத்தின் தலையில் வைத்தால் அது அமுங்கிவிடும், ஆட்டம் அங்கேயே முட்டிக்கொள்ளும். டைமண்ட் பத்தின் மேல் வைத்தால் வழி திறந்துவிடும். சின்னவள் சீட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தப்பாக வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பொய்கூடச் சொல்ல வேண்டாம். மாட்டிக்கொண்டது என்றால் நிஜமாகவே மாட்டிக்கொண்டிருக்கும். யாருக்கும் வரக்கூடிய தப்புத்தான். அக்கா வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அக்கா மாடியிலேயே இருப்பாள்.

இருப்பாள், ஆனால் யாரோடு ஆடிக்கொண்டிருப்பாள்? தனியாகத்தான். கீழே ஒருத்தி உட்கார்ந்து, அவளுக்குப் பிச்சை போடுவதாக நினைத்துக்கொண்டிருப்பாள். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. இந்த வீட்டில் யாரும் கொடுக்காததைக் கேட்கிறாள். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்பதை டைமண்ட் பத்தின் மேல் வைத்தாள். அதற்குப் பிறகு அத்தனையும் ஏறியது.

படியடியில் நின்று கத்த அவளுக்குத் தெம்பில்லை. மேலே போனாள். பெரியவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பரப்பிய சீட்டு எதிரில் கிடந்தது. சின்னவள் பழக்கதோஷத்தில் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லு" என்றாள் பெரியவள்.

"எல்லாம் ஏறிடுச்சுக்கா."

"நிஜமா?"

"நிஜமா."

"சரி." எதிரில் கிடந்த சீட்டைக் காட்டி, "எனக்கு ஒம்போது" என்றாள். அப்புறம் சின்னவளின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "இன்னொண்ணு சொல்றேன், திட்டாத. நான் சீட்டைத் திருப்பி எடுத்தேன். வச்சதை எடுத்து மாத்தி வச்சேன். எத்தனை தடவைன்னு ஞாபகம் இல்ல. அப்படி ஆடியும் ஒம்போதுதான்."

இத்தனை வருடத்தில் பெரியவள் சட்டத்தை மீறினாள் என்றால் சின்னவள் நம்பியிருக்க மாட்டாள். அக்கா அவ்வளவு பயந்திருக்கிறாள். போக அவ்வளவு இஷ்டமில்லாமல் இருந்திருக்கிறாள். அது தெரியாமல் கீழே இவள் ராஜாவரை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்போ இந்த ஆட்டம் செல்லாதுக்கா" என்றாள் சின்னவள் அவசரமாக. "கலைச்சுடலாம். அவர் வந்ததும் புதுசா அடுக்கச் சொல்றேன். நாளைக்கு ஆடலாம்."

"எனக்குத்தான் செல்லாது. உனக்குச் செல்லும்." பெரியவள் அவள் கையை விடவில்லை. "என்னை ஏமாத்தாம ஆடுனியா?"

"ஆடுனேன்க்கா."

"அது போதும். போனை எடு."

சின்னவள் போனை எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருக்க மாட்டானா என்றிருந்தது அவளுக்கு. எடுத்துவிட்டான்.

"என்ன சித்தி, இந்த நேரத்துல? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லப்பா" என்றாள். எவ்வளவோ யோசித்தும் சொல்வதற்கு அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான். "நான் ஜெயிச்சுட்டேன்பா" என்றாள்.

அவனுக்கும் அதன் அர்த்தம் தெரியும். சின்னவள் போனை வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். பெரியவள் அதை அவள் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்து, "ஞாயித்துக்கிழமை வா. துணியெல்லாம் உன் சித்தி எடுத்து வச்சுடுவா" என்றாள்.

சின்னவள் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள்.